நெல்லை இப்போது விற்பதா, வைத்திருப்பதா? பசளைக் கணக்கோடு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் ஐந்து ஏக்கரில் பெரும்போகம், அதாவது மழைக்கால நெல், செய்திருக்கிறீர்கள். மூன்று ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. ஏக்கருக்கு 65 கிலோ மூடையாக 25 மூடை வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். களத்துக்கே லொறி கொண்டுவந்து, ஈர நெல்லைக் கிலோ 100 ரூபாவுக்கு எடுப்பதாக ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார். பசளைக் கடைக்கு 180,000 ரூபாவும், வெட்டு மெசினுக்கு 60,000 ரூபாவும் கொடுக்க வேண்டும். வீட்டு நகை 200,000 ரூபாவுக்கு அடைவில் (அடகில்) இருக்கிறது. சிறுபோகத்துக்குள், அதாவது ஓகஸ்டில் வெட்டும் அடுத்த போகத்துக்குள், யூரியா விலை ஏறிவிடும் என்று ஊரில் பேச்சு. இந்த நிலையில் நெல்லை வெட்டியவுடன் கொடுப்பதா, காயவைத்து இரண்டு மூன்று மாதம் பொறுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வியை நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வொரு பெப்ரவரியிலும் கேட்டிருக்கிறேன்; ஓய்வு பெற்ற பிறகு என் சொந்த வயல் நெல்லை முன்னால் குவித்துவைத்துக்கொண்டு என்னிடமே கேட்டிருக்கிறேன். நெல் விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது என்பதே என் முடிவு. ஒரு மூடை யூரியாவுக்கு எத்தனை கிலோ நெல் கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்த யூரியாவை யார் பணத்தில் வாங்குகிறோம் என்ற இரண்டும் தெரிந்தால்தான் எவ்வளவு நெல்லை விற்பது, எவ்வளவை வைப்பது என்று சொல்ல முடியும். நம் மாவட்டங்களில் பெரும்பாலான நெல்லுக்கு விற்பனை நாள் குறிக்கப்படுவது, விதைப்புக் காலத்தில் கடைக்காரரின் கொப்பியில் பெயர் ஏறும் அன்றுதான்.

முதலில் விலையின் பருவத்தைப் பார்ப்போம். பெரும்போக அறுவடை அம்பாறையில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையும் அதையொட்டி வெட்டத் தொடங்கும். பொலன்னறுவை பெரும்பாலும் மார்ச்சில் வெட்டுகிறது. பெரிய ஆலைகள் பொலன்னறுவையில் இருப்பதால், அங்கே நெல் வராத அந்தச் சில வாரங்களில் அவர்களின் லொறிகள் கிழக்குக்கு வருகின்றன. அப்போது விலை ஓரளவு தாங்கி நிற்கும். பொலன்னறுவை வெட்டத் தொடங்கியதும் லொறிகள் குறையும், விலையும் சரியும். மார்ச்சும் ஏப்ரலும் தாழ்ந்து கிடந்து, சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு விலை மெல்ல எழும்பி, ஓகஸ்டில் சிறுபோக நெல் வரும்போது மீண்டும் தணிந்து, நவம்பரிலிருந்து ஜனவரி வரை உச்சத்தில் நிற்பது வழமையான போக்கு. ஆகவே பெப்ரவரி முதற் பகுதியில் வெட்டுகிறவருக்கும் மார்ச் நடுவில் வெட்டுகிறவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. நீங்கள் முந்தி வெட்டுகிறவர் என்றால் களத்து விலையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பிந்தியவர் என்றால், உங்களால் பொறுக்க முடிந்தால், பொறுப்பதற்குக் காரணம் உண்டு.

அடுத்தது ஈரம். இதை நம்மவர்கள் கணக்கில் எடுப்பது மிகக் குறைவு. அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதனுக்கு மேற்படாத காய்ந்த நெல்லுக்கே முழு உத்தரவாத விலையைக் கொடுக்கிறது. 2025 பெப்ரவரியில் அந்த விலை, நெல் வகையைப் பொறுத்து, கிலோவுக்கு நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. மெசின் வெட்டிய நெல் 20 சதவீத ஈரத்தில் இருந்தால், அதில் 100 கிலோவை 14 சதவீதத்துக்குக் காயவைக்கும்போது 93 கிலோதான் மிஞ்சும். 100 கிலோவில் 80 கிலோ உலர்பொருள். அந்த 80 கிலோ 86 சதவீதமாக இருக்க வேண்டுமானால் மொத்தம் 93 கிலோ. ஆகவே ஈர நெல்லுக்குக் களத்தில் 100 ரூபா கிடைப்பதும், காய்ந்த நெல்லுக்கு 107 ரூபா 50 சதம் கிடைப்பதும் ஒன்றுதான். அதற்கு மேலே வரும் வித்தியாசத்திலிருந்துதான் காயவைக்கும் கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். 120க்கும் 100க்கும் இருபது ரூபா வித்தியாசம் என்று பார்க்கிறவர் உண்மையில் கையில் காண்பது, செலவுக்கு முன்னரே, பன்னிரண்டு ரூபாவுக்குச் சற்று மேல்தான்.

பெப்ரவரி மழையையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழை நமக்கு ஜனவரியோடு ஒழிந்துவிடுவதில்லை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தபோது, கதிர் முற்றிய வயல்கள் நீருக்குள் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. சீமெந்துக் களமோ, தார்ப்பாயோ, மழை வந்தால் அள்ளிக் கட்ட ஆட்களோ இல்லாதவர் எட்டாயிரம் கிலோ நெல்லையும் காயவைக்கிறேன் என்று துணிவது ஆபத்து. முளைவிட்ட நெல்லுக்கும் நிறம் மாறிய நெல்லுக்கும் எந்த விலையும் உத்தரவாதம் இல்லை. காயவைக்க முடிந்த அளவு எவ்வளவோ, வைத்திருக்கும் அளவும் அவ்வளவுதான்.

இப்போது கடனுக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பசளைக் கடன் வட்டி என்ற பெயரில் வருவதில்லை. காசுக்கு 9,000 ரூபாவுக்குக் கிடைக்கும் மூடையைக் கடனுக்கு எடுத்தால் 10,500 என்று எழுதிக்கொள்வார்கள். வெட்டியதும் தீர்க்க வேண்டும். நான்கு மாதத்துக்கு 9,000 ரூபாவில் 1,500 ரூபா என்றால் அது 16 சதவீதத்துக்கும் மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 சதவீதம். உங்கள் கடை எழுதியிருக்கும் வித்தியாசம் இதைவிடக் கூடியதா, குறைந்ததா என்று நீங்களே இரண்டு விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாதம் நான்கு சதவீதம் தின்னும் கடனை வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் நெல் பத்து சதவீதம் ஏறும் என்று காத்திருப்பவர், விலை அவர் எண்ணியபடியே ஏறினாலும் நட்டப்படுவார். ஆகவே கடைக் கடனைத் தீர்க்கத் தேவையான நெல்லைப் பற்றி யோசனையே வேண்டாம். அது களத்திலிருந்தே போகட்டும். மெசின் கூலியும் அப்படியே.

கடையும் நெல் வியாபாரமும் ஒரே கையில் இருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பசளை கொடுத்தவரே நெல்லையும் எடுப்பார். அவர் சொல்வதே விலை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒருவரிடம் மாட்டியிருந்தேன். ஊரில் மற்றவர்கள் வாங்கிய விலையைவிடக் கிலோவுக்கு மூன்று ரூபா குறைத்தே எனக்குக் கணக்குப் போட்டார். அதோடு மூடைக்கு இரண்டு கிலோ ‘கழிவு’ என்று வெட்டினார். 65 கிலோ மூடையில் இரண்டு கிலோ என்பது மூன்று சதவீதம். அன்று அது எனக்குச் சிறிதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தபோது ஒரு மூடை யூரியாவின் விலைக்கு மேல் போயிருந்தது. முடிந்தால் கடைக் கடனைக் காசாகத் தீர்த்து, நெல்லை வேறொருவருக்குக் கொடுங்கள். இரண்டு கணக்கும் ஒரே கொப்பியில் இருக்கும்வரை பேரம் பேச இடமிருக்காது.

இனி யூரியா. அதன் விலை நம் வரம்பில் தீர்மானிக்கப்படுவதில்லை. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுவது. உலகில் எரிவாயு விலை ஏறினால் அதுவும் ஏறும். 2020இல் தொன் ஒன்று சராசரி 230 டொலரளவில் இருந்தது. 2022இல் ரஷ்ய உக்ரைன் போர் தொடங்கிய பின்னான மாதங்களில் 900 டொலரையும் தாண்டியது. அதே 2022 மார்ச்சில் நம் ரூபாவும் விழுந்தது. டொலர் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, உலக விலை அசையாமல் இருந்திருந்தாலும் நமக்கு மூடை விலை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். மூன்றாவது, அரசின் கை. 2005இன் இறுதியிலிருந்து நெல்லுக்கான 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது, 2016இல் அது பணக் கொடுப்பனவாக மாறியது, 2018இல் மீண்டும் மானிய மூடையாகி 500 ரூபாவானது, பிறகு இலவசமானது, 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியே தடைசெய்யப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியபோது வயலுக்குப் பசளை இடவேண்டிய நாட்களில் பெரும்பகுதி கழிந்திருந்தது. இருபது ஆண்டுகளில் இத்தனை தடவை மாறிய ஒன்றை நம்பி நெல்லைப் பூட்டிவைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே விளங்கும்.

அதனால்தான் ரூபாவை விட்டுவிட்டு நெல்லால் அளக்கச் சொல்கிறேன். தடைக்கு முன் வெளிச்சந்தையில் யூரியா மூடை 1,500 ரூபாவளவில் இருந்தது, நெல் கிலோ 50 ரூபா. ஆக ஒரு மூடைக்கு 30 கிலோ நெல். 2022 நடுவில் கறுப்புச் சந்தையில் மூடை 40,000 ரூபா வரை போனது. அப்போது அரசின் நெல் விலை 120 ரூபா. ஒரு மூடைக்கு 333 கிலோ நெல், அதாவது ஐந்து மூடை நெல்! பின்னர் இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா 10,000 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டபோது அது 83 கிலோவாக இறங்கியது. நெல் 50இலிருந்து 120க்கு ஏறியது என்று மகிழ்ந்தவர்கள் அந்த 83ஐக் கவனிக்கவில்லை. விற்ற நெல்லுக்குக் கூடுதல் ரூபா வந்தது. ஆனால் அடுத்த போகத்துக்கு அந்த ரூபா முன்பு வாங்கியதில் பாதியைக்கூட வாங்கவில்லை.

அந்த 2021/22 பெரும்போகத்தை நான் மறக்கமாட்டேன். யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளாக நின்றது. வழமையாக 25 மூடை தரும் என் காணியில் 11 மூடை வெட்டினேன். வெட்டிய கையோடு விற்றவர்கள் சில மாதங்களில் விலை ஏறியதைப் பார்த்து மனம் நொந்தார்கள். வைத்திருந்தவர்கள் தாங்கள் புத்திசாலிகள் என்று எண்ணினார்கள். அடுத்த பெரும்போகத்தில், 2023 தொடக்கத்தில், எல்லோரும் வைத்திருக்க விரும்பினார்கள். ஆனால் பசளை கிடைத்து விளைச்சல் கூடியிருந்தது. அரசின் கொள்வனவு விலையே 100 ரூபாவாக இறங்கியது. வெளிச்சந்தை அதற்கும் கீழே போனது. ஒரு போகத்தில் கண்ட விலையேற்றத்துக்கான காரணம் அடுத்த போகத்தில் இல்லாமல் போயிருந்தது. பற்றாக்குறையால் ஏறிய விலை, பற்றாக்குறை தீர்ந்ததும் இறங்கும். ஆகவே விலை ஏறும் என்று யாராவது சொன்னால், எதனால் ஏறும் என்று கேளுங்கள்.

நெல் விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒரு கூரையும் உண்டு. 2024 டிசம்பரில் நாட்டு அரிசிக்கு மொத்த விலை 225, சில்லறை விலை 230 ரூபா என்று அதிகபட்சம் விதிக்கப்பட்டது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 63 கிலோ அரிசி வரும். 63ஐ 225ஆல் பெருக்கினால் 14,175 ரூபா. நெல்லே கிலோ 141 ரூபாவுக்குப் போனால், ஆலைக்காரருக்கு அவித்துக் குற்றும் செலவுக்குத் தவிடு ஒன்றுதான் மிஞ்சும். எனவே கட்டுப்பாட்டு விலை நடைமுறையில் இருக்கும்போது, 120 ரூபா நெல் 160க்குப் போகும் என்று எண்ணி வைத்திருப்பதில் பொருளில்லை. அதற்கு மேல் போனால் அரசு இறக்குமதிக் கதவைத் திறக்கும். அந்த டிசம்பரிலேயே கிலோவுக்கு 65 ரூபா வரியோடு அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. யூரியாவுக்கு இப்படிக் கூரை கிடையாது. நெல்லை வைத்திருப்பவர் ஏறுவதற்கு எல்லையுள்ள ஒன்றை வைத்திருக்கிறார். அவர் வாங்க வேண்டியதற்கு எல்லையில்லை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நான் பல ஆண்டுகளாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்: யூரியா ஏறும் என்று அஞ்சினால் நெல்லைப் பூட்டிவைக்க வேண்டாம், தேவையான அளவு நெல்லை விற்று யூரியாவை வாங்கிவிடுங்கள்.

ஆனால் அதிலும் அவசரம் வேண்டாம். சிறுபோகத்தில் உங்கள் வட்டைக்கு, அதாவது வயல் பரப்புக்கு, தண்ணீர் உண்டா என்பது போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில்தான் தெரியும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி எதுவானாலும், குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்தே இத்தனை ஏக்கர் என்று பிரிப்பார்கள். கல்லோயாத் திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தின் மட்டத்தைப் பார்த்துச் செய்வதும் இதுவே. உங்கள் ஐந்து ஏக்கருக்கும் தண்ணீர் வராமல் போகலாம். முடிவு தெரியும்வரை, உறுதியாகச் செய்யப்போகும் காணிக்கு மட்டும் வாங்குங்கள். யூரியா ஈரத்தை இழுக்கும். பலகை மேல் அடுக்கி, உட்பை கிழியாமல், ஒரு போகத்துக்குள் முடித்துவிட வேண்டும். ரிஎஸ்பி என்ற பொசுபேற்றுப் பசளை ஓரளவு தாங்கும். விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையம் ஊடாக ஹெக்டயருக்கு 25,000 ரூபா பசளைக் கொடுப்பனவு கிடைப்பது உதவிதான். ஆனால் அது கணக்குக்கு வரும் நாளும் பயிர் பசளை கேட்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாம் பசளை பத்து நாள் பிந்தினால், பின்னர் இரு மடங்கு போட்டாலும் இழந்த மட்டம், அதாவது பக்கத்தில் வெடிக்கும் தண்டுகள், திரும்பக் கட்டாது. கையில் காசில்லாமல் மீண்டும் கடைக் கொப்பிக்குப் போவதும் அந்தப் பத்து நாளில்தான்.

உங்கள் எண்களை வைத்துப் பார்ப்போம். 125 மூடை, மூடை 65 கிலோ. கடைக்கும் மெசினுக்கும் 240,000 ரூபா என்றால் 100 ரூபா விலையில் 2,400 கிலோ, அதாவது 37 மூடை. சிறுபோகத்துக்கு மூன்று ஏக்கர் என்று வைத்தால், ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியாவும் மற்றப் பசளைகளும் சேர்த்து 82,000 ரூபாவளவு தேவைப்படும் என்று கொள்வோம். அதற்கு 13 மூடை. இந்த 50 மூடையையும் களத்திலேயே கொடுத்துவிடுங்கள். குத்தகைக்கு ஏக்கருக்கு எட்டு மூடைப்படி 16, வீட்டுச் சாப்பாட்டுக்கு 15. இவை பற்றிப் பேச ஒன்றுமில்லை, சாப்பாட்டு நெல்லை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்பதைத் தவிர. மிச்சம் 44 மூடை.

உங்கள் கேள்வி உண்மையில் இந்த 44 மூடையைப் பற்றியது மட்டுமே. ஈரத்தில் அது 2,860 கிலோ, 286,000 ரூபா. காயவைத்தால் 2,660 கிலோ. 120 ரூபாவுக்கு 319,200 ரூபா. வித்தியாசம் 33,200 ரூபா. காயவைப்பு, சாக்கு, ஏற்றுக்கூலிக்கு 15,000 போனாலும் 18,000 மிஞ்சும். இது காயவைத்ததற்கான கூலி. காத்திருந்ததற்கான கூலி அல்ல. காத்திருப்பதற்கு வேறு கணக்கு. இந்த நெல்லை விற்றால் நகையை மீட்கலாம். மீட்காமல் விட்டால், மாதம் ஒன்றரை சதவீதம் என்று கொண்டால், 3,000 ரூபா வட்டி ஓடுகிறது. 2,660 கிலோவில் பிரித்தால் கிலோவுக்கு ஒரு ரூபா பதின்மூன்று சதம். மூன்று மாதத்தில் எலியும் வண்டும் காய்வும் இரண்டு சதவீதம் தின்றால், மாதத்துக்கு இன்னொரு எண்பது சதம். ஆக, மாதம் ஒன்றுக்குக் கிலோ இரண்டு ரூபாவளவு ஏறினால்தான் காத்திருந்ததற்கு ஈடாகும். மூன்று மாதத்தில் 126 ரூபாவுக்கு மேல் என்றால் இலாபம்; அதற்குக் கீழே என்றால் நகையை அன்றே மீட்டிருக்கலாம்.

என் இடத்தில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், 44 மூடையையும் காயவைப்பேன். மழை மிரட்டினால் பாதியை மட்டும். காய்ந்ததும், நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியம் உத்தரவாத விலைக்கு எடுக்கிறது என்றால் இருபத்தைந்து மூடையை அங்கே கொடுத்து நகையில் பெரும்பகுதியை இறக்குவேன். தனியாகக் கொண்டுபோனால் ஏற்றுக்கூலி தாங்காது. உங்கள் கமக்காரர் அமைப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு லொறியாக அனுப்புங்கள். எஞ்சிய பத்தொன்பது மூடையை வைத்திருக்கலாம். புத்தாண்டுக்குப் பிறகு வாரம் ஒருமுறை சம்மாந்துறை, பொலன்னறுவை விலைகளைக் கேட்டு எழுதிவையுங்கள். மேயிலோ ஜூனிலோ உங்கள் 126ஐத் தாண்டினால் கொடுங்கள். தாண்டாவிட்டாலும் ஜூலை நடுவுக்குள் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் ஓகஸ்டில் அம்பாறையின் சிறுபோக நெல் களத்துக்கு வரும்போது உங்கள் பழைய நெல்லை யாரும் தேடி வரமாட்டார்கள். அதற்குப் பிறகு நவம்பர் வரை வட்டி கட்டிக்கொண்டு எலியோடு போராட வேண்டியிருக்கும்.